கைப்பேசியில் நகர்ந்த பஸ் நேரம்

அரியலூரிலிருந்து புறப்படும் பஸ்களின் நேரத்தை ஓர் இணையதளத்தில் போட்டு வருகிறேன். ஒவ்வொரு ஊர்ப் பெயருக்கும் நேர் கீழே அதன் நேரம் வரும்படி, இடைவெளிகளை எண்ணி எண்ணித் தட்டியிருந்தேன். என் கணினியில் எல்லாம் சரியாகவே தெரிந்தது.

ஒரு மாலை எதிர்வீட்டு செல்வி, தன் அம்மாவை விக்கிரமங்கலம் பஸ்ஸில் ஏற்றிவிடக் கிளம்பினார்.

"அவசரமில்ல சார், கடைசி பஸ் எட்டரைக்குத்தான்னு நீங்களே போட்டிருக்கீங்க."

"இல்லம்மா, ஏழரைக்கு."

கைப்பேசியை நீட்டினார். அதன் பிரவுசரில் எழுத்தின் அகலம் வேறு. திருமானூருக்கான நேரம் விக்கிரமங்கலத்துக்குக் கீழே நகர்ந்து நின்றது. அம்மாவும் மகளும் ஆட்டோவில் விரைந்தார்கள். போன் வரும்வரை என்னால் உட்கார முடியவில்லை.

"ஏத்திவிட்டாச்சு சார். அம்மா உங்களத் திட்டிக்கிட்டேதான் ஏறுச்சு."

இப்போது இடைவெளி தட்டுவதில்லை; கட்டம் போட்ட அட்டவணையாகவே அமைக்கிறேன். எதை மாற்றினாலும் மூன்று பிரவுசர்களிலும், செல்வியின் கைப்பேசியிலும் பார்த்த பிறகே கணினியை அணைக்கிறேன்.