அட்டைப் படத்தில் ஐந்து தழும்புகள்

அச்சகத்து அண்ணன் முந்தாநாள் அழைத்தார்.

"தங்கச்சி, அட்டைப் படத்தில எல்லாற்ற இடது கன்னத்திலயும் ஒரே கோடு விழுந்திரிக்கி. கம்பியூட்டரில அழிச்சி விடட்டா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஐயோ அண்ணே, அழிச்சிராதீங்க! அது கோடில்ல, தழும்பு."

"அஞ்சி பேருக்குமா?"

"ஓம், அஞ்சி பேருக்கும்."

அவரிடம் சொன்ன கதையையே, அம்மா மறைந்த முப்பத்தோராம் நாளில் இந்நினைவு மலரைக் கையில் பெறும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் எழுதுகிறேன்.

அம்மா உன்னிச்சையில் வேளாண்மைக் குடும்பமொன்றின் மூத்த மகளாகப் பிறந்தவர். பள்ளிக்கூட வயதில், வயல் வட்டையில் வேலை செய்த தகப்பனாருக்குச் சோறு கொண்டுபோகையில், குளக்கட்டில் சைக்கிள் சறுக்கி முள்ளுக்கம்பியில் விழுந்தார். கன்னத்திலிருந்து தாடைவரை கிழிந்தது. ஆனால் சோற்றுப் பாத்திரம் கவிழவில்லை என்பதே அவர் வாழ்நாள் முழுதும் சொன்ன பெருமை. "அப்பா அண்டைக்கும் வயிறாரத்தான் சாப்பிட்டவர்" என்பார்.

அந்தத் தழும்பை அவர் மனிதருக்கு மறைத்ததில்லை. சந்தையிலும் கோயிலிலும் நிமிர்ந்த முகத்தோடுதான் நடப்பார். கமராவுக்கு மட்டும் காட்டமாட்டார். கலியாணத்தன்று படம் பிடித்தவர், "மற்றப் பக்கம் கிறுகுங்க, அந்தக் கன்னம் வேணாம்" என்றாராம். அன்று திரும்பிய முகம் திரும்பியதுதான். எங்கள் வீட்டு அல்பங்களில் அம்மாவின் வலது காதுக்குக் குறைவேயில்லை. அடையாள அட்டையில் நேராகப் பார்ப்பார்; அதை ஒருவருக்கும் காட்டமாட்டார்.

அமிர்தகழிக்கு வாழ வந்து, அப்பா லொறியோடு ஊர் ஊராய்ப் போன காலத்தில், தையல் மெஷினை மிதித்தே எங்கள் மூவரையும் படிப்பித்தார். பல்கலைக்கழகத்தில் நாடகம் படிக்கப் போன நான், பொய்க் காயமும் தழும்பும் செய்யும் ஒப்பனையில் பைத்தியமாகித் திரும்பியபோதும் ஏசவில்லை. "புடிங்குக்கு வாங்கின ஜெலற்றின் எல்லாத்தையும் மூஞ்சில அப்பிற்றாள்" என்று அப்பாவிடம் முறையிட்டதோடு சரி.

என் அண்ணன் கட்டாருக்கு வேலைக்குப் புறப்பட்ட வாரத்தில் அம்மாவிடம் கெஞ்சினார். "போனில வச்சிப் பாக்க உங்கட முகம் நேரா ஒண்டு தாங்கம்மா."

"நேரில பாத்திற்றுப் போ மனே. படத்தில என்ன இரிக்கி?"

பயணத்துக்கு முதல்நாள் அம்மா மாமாங்கேஸ்வரருக்கு அர்ச்சனை செய்யப் போயிருந்தார். அந்த இடைவெளியில் அப்பாவையும் அண்ணனையும் அக்காவையும் கதிரைகளில் இருத்தினேன். ஜெலற்றினை இளஞ்சூட்டில் உருக்கிக் கன்னத்தில் மேடு வைத்தேன். தாடைப் பக்கம், காயும்போது தோலைச் சுருக்கி இழுக்கும் திரவத்தைப் பூசிப் பூசிப் பள்ளம் எடுத்தேன். மேலே சிவப்பு. கடைசியாக எனக்கும். நான்கு கன்னங்களிலும் அம்மாவின் தழும்பு.

படலையைத் திறந்து வந்த அம்மா முற்றத்திலேயே நின்றுவிட்டார். கேலியென்று எடுத்துக்கொண்டால் அண்ணனுக்குப் படமும் இல்லை, வழியனுப்ப ஒரு சிரிப்பும் இல்லை. அம்மா அர்ச்சனைத் தட்டை வைத்துவிட்டு ஒவ்வொரு முகமாகக் கிட்டப் போய்ப் பார்த்தார்.

"ஆர்ர வேலை இது?"

"நான்தான்மா."

"படிச்சி என்னகா பிரயோசனம்? பழந்தழும்பு சிவக்குமா? மினுங்கும். கொஞ்சம் எண்ணெய் தொடு." பிறகு அப்பாவின் நாடியைப் பிடித்துத் திருப்பினார். "தழும்பில தாடி முளைக்குமா? போய்ச் சவரம் எடுத்திற்று வாங்க. மறுகா படம் எடுப்பம்."

படம் என்றதும் அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. துடைக்கக் கை போனது. "கைய எடு! என்ட தழும்பைப் பிச்சிராத" என்று அம்மா அதட்டினார்.

அப்பாவுக்கு நான் மீண்டும் முதலிலிருந்து செய்ய வேண்டியதாயிற்று. சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு மாமி, "ஐயோ, குடும்பமா எங்க போய் விழுந்தீங்க?" என்று அலறினார். அவர் கையில்தான் போனைக் கொடுத்தோம். அம்மா நடுவில் இருந்து, கமராவை நேராகப் பார்த்து, பல் தெரியச் சிரித்தார். படத்தில் அண்ணனின் தழும்பு ஒரு நுனியில் கழன்று தொங்குகிறது. உற்றுப் பார்த்தால் தெரியும்.

அதன் பின் அம்மா எந்தக் கமராவுக்கும் கிறுகவில்லை.

நெஞ்சு நோவோடு ஆஸ்பத்திரியில் இருந்த கடைசி நாள்களில், தாதி மிஸ் ஒருவர் கேட்டார்: "கன்னத்தில என்னம்மா இது?"

"என்ட சின்ன மகள் போட்ட மேக்கப்."

மிஸ் பஞ்சை நனைத்துத் துடைத்துப் பார்த்தார். "போகுதில்லையே அம்மா!"

"பாருங்க, அவள்ற கை அப்பிடி."

அந்த வார்டே சிரித்தது. அந்த வாரமே அம்மா எங்களை விட்டுப் போனார்.

அம்மாவைக் கவனித்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், குறிப்பாகப் பஞ்சு நனைத்த மிஸ்ஸுக்கும், எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத நாள்களில் சோறும் கறியும் கொண்டுவந்த அயலவர்களுக்கும், படம் பிடித்த மாமிக்கும், அண்ணன் நேரத்துக்கு வந்துசேரக் கட்டாரில் ஓடித்திரிந்த அவரது நண்பர்களுக்கும், கோட்டை அழிக்காமல் விட்ட அச்சகத்து அண்ணனுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அட்டையைப் பார்த்ததும் எது அசல் என்று தேடுவீர்கள். ஆறுதலாகத் தேடுங்கள். அம்மா கிறுகமாட்டார்.

– சின்ன மகள்