இரண்டு தட்டு

இதை நம்பச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்தப் போவதில்லை. ஆனால் நடந்தது. யாருக்கு நடந்ததோ, அவருக்கு இன்றைக்கும் லாரிதான் பிழைப்பு. கதை கட்டிப் பெயர் வாங்குகிற ஆள் இல்லை. நாலு கேள்வி கேட்டால் ஒரு பதில் வரும். அதுவும் பாதியில் நிற்கும். இதையும் அப்படித்தான், கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்க வேண்டியிருந்தது.

பேய் என்றால் இருட்டு வேண்டும், நாய் ஊளையிட வேண்டும் என்பார்கள். இது பகலில் நடந்தது. மதியம் மூன்று மணி. தார் உருகுகிற வெயில்.

கூட ஓடுகிற லாரிக்காரர்கள் அவரை ரேடியோ என்பார்கள். அவர் பேசுவதில்லை; அவருக்குப் பதிலாக வண்டியில் பாட்டு ஓடும். எந்தச் சாலைக்கு எந்தப் பாட்டு என்று ஒரு கணக்கு வைத்திருந்தார். மேடு ஏறும்போது, மூச்சைப் பிடித்துப் பாடுகிற பாட்டு. நேர்ச் சாலைக்கு, வார்த்தை மனப்பாடமாகத் தெரிந்த பாட்டு. கூடவே பாடினால் கண் மூடாது. நெரிசலுக்குக் கேலிப் பாட்டு. இல்லாவிட்டால் கை ஹாரனை விட்டு இறங்காது. மழைக்குப் பாட்டு இல்லை. மழையையே கேட்டுக்கொண்டு ஓட்ட வேண்டும்.

கணக்கில் சேராத பாட்டு ஒன்று இருந்தது. ஒரு பெண் குரல், ஒரு புல்லாங்குழல், அவ்வளவுதான். அவருக்கு மிகவும் பிடித்தது அதுதான். ஓட்டும்போது அதைப் போடவே மாட்டார். வண்டியை ஓரங்கட்டி, செருப்பைக் கழற்றி, காலை நீட்டியபிறகுதான் போடுவார். பாட்டு முடிவதற்குள் தூங்கிவிடுவார்.

கூட ஓட்டுபவர் மாப்பிள்ளை. ரேடியோவின் தங்கை கணவர். கல்யாணத்துக்கு முன்பே இருவரும் ஒரே வண்டியில் ஓடியவர்கள். ஒருவர் ஓட்டுவார். மற்றவர் சீட்டுக்குப் பின்னால் உள்ள படுக்கையில் தூங்குவார். நடுவில் ஒரு பலகை, ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால். பலகை முடிகிற இடத்தில் ஒரு திரை.

எஞ்சின் சத்தத்தில் பின்னாலிருந்து பேசினால் முன்னால் கேட்காது. கத்தினால் வந்த தூக்கமும் போய்விடும். அதனால் தட்டு. பலகையில் ஒரு தட்டு என்றால், படுத்துவிட்டேன், கிளம்பு. இரண்டு தட்டு என்றால், பாட்டை மாற்று. நெடுந்தூரம் போகும் வண்டிகளில் பாதிக்கு மேல் இந்தப் பழக்கம் உண்டு. இதைத் தவிர வேறு தட்டு கிடையாது. யாருக்கும் தேவைப்பட்டதில்லை.

இது நடந்த வண்டி, இன்னொருவர் ஓட்டி விற்ற பழைய வண்டி. இரண்டு குடும்பமும் சேர்ந்து வாங்கியது. எஞ்சின் சுத்தம், டயர் பரவாயில்லை. பாட்டு செட் மட்டும் இல்லை. அது இருக்க வேண்டிய இடத்தைத் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள். திருடன் என்றால் ஒயரைப் பிய்த்திருப்பான். இங்கே ஒயர்களை ஒரே அளவாக வெட்டி, ஒவ்வொரு நுனியிலும் டேப் சுற்றியிருந்தது.

"பாட்டு இல்லாம லாரி ஓட்டினானா?" என்றார் மாப்பிள்ளை. "அவன் டிரைவர் இல்ல மச்சான், சாமியார்."

அந்த வாரமே புது செட் மாட்டினார்கள். ரேடியோவின் போனில் பாட்டைப் போட்டால் செட்டில் கேட்கும்.

தங்கை வண்டியைச் சுற்றிப் பார்த்தாள். ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"அண்ணே, அவர் பின்னாடி தூங்கும்போது நீ முழிச்சிருக்கணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

செட் மாட்டியபிறகு முதல் நெடுந்தூர ஓட்டம். சரக்கு ஏற்ற இரண்டு நாள் வரிசையில் நின்றார்கள். முன்னால் உள்ள வண்டி நகரும்போதெல்லாம் நகர்த்த வேண்டும். அசந்தால் பின்னால் உள்ளவன் புகுந்துவிடுவான். இரண்டு நாளும் உட்கார்ந்தபடியே கண் அசந்ததுதான் தூக்கம். கிளம்பும்போது ரேடியோவின் எலும்புக்குள் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியது போல இருந்தது. காலையில் மாப்பிள்ளை ஓட்டினார். மதியம் ஒரு பம்பில் டீசல் போட்டுவிட்டு மாற்றிக்கொண்டார்கள்.

மாப்பிள்ளை படுக்கையில் ஏறுவதைப் பார்த்துவிட்டுத்தான் ரேடியோ முகம் கழுவப் போனார். திரும்பி வந்து ஏறினார். கதவைச் சாத்தினார். திரை மூடியிருந்தது.

"போலாமா மாப்ள?"

டொக்.

ஒரு தட்டு. கிளம்பினார்.

நேர்ச் சாலை. இரு பக்கமும் வெட்டவெளி. வெயில் கண்ணாடி வழியாக மடியில் வந்து உட்கார்ந்தது. மாப்பிள்ளைக்குப் பிடித்த பாட்டாகவே முதலில் போட்டார். அடிஅடியென்று அடிக்கிற பாட்டு. செத்தவனும் எழுந்து ஆடுவான் என்று மாப்பிள்ளை சொல்லுவார்.

டொக் டொக்.

ரேடியோவுக்கு ஆச்சரியம். மாற்றினார். கூடவே பாடக்கூடிய பாட்டு.

டொக் டொக்.

கேலிப் பாட்டு.

டொக் டொக்.

"என்ன மாப்ள, எதுவும் பிடிக்கலையா?"

பதில் இல்லை. தூங்குகிற நேரத்தில் பேச்சு வைத்துக்கொள்வதில்லை. அதை அவர் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஒன்று உறுத்தியது. மாப்பிள்ளை தூங்கினால் குறட்டை எஞ்சினை மிஞ்சும். தூங்காவிட்டால் இருமிக்கொண்டே கிடப்பார். இன்றைக்கு இரண்டும் இல்லை.

இன்னொன்று. மாப்பிள்ளையின் செருப்பு எப்போதும் இடது பக்க சீட்டுக்கு அடியில் கிடக்கும்.

இல்லை.

மேலேயே போட்டுக்கொண்டு படுத்துவிட்டார் போல என்று நினைத்தார். அவ்வளவு அசதி... இருவருக்கும்.

பாட்டை மாற்றினார். தட்டு. மாற்றினார். தட்டு. கண் இமை இரண்டும் இரும்பாகக் கனத்தன. தட்டின் இடமும் மாறிக்கொண்டே வந்தது. முதலில் தலைக்குப் பின்னால். பிறகு தோளுக்குப் பின்னால். இப்போது இடுப்புக்குப் பின்னால்... சீட்டின் பஞ்சு வழியாக லேசாக.

அவருக்கு எரிச்சல் வந்தது. கண் மூடாமல் இருக்கத்தானே பாட்டு? ஓட்டுகிறவனுக்குத்தானே பாட்டு?

"இதுக்கும் தட்டு, பாப்போம்."

அந்தப் பாட்டைப் போட்டார். பெண் குரல். புல்லாங்குழல்.

காத்திருந்தார்.

தட்டு வரவில்லை.

ஓட்டும்போது போடக்கூடாத பாட்டு. தெரியும். ஆனால் தட்டு நின்றதே போதும் என்றிருந்தது. பாட்டு முடிந்தது. கை தானாகவே மறுபடி அதையே போட்டது. சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினார்.

புது செட் நன்றாகத்தான் இருந்தது. இத்தனை வருடம் கேட்ட பாட்டில் இதுவரை கேட்காத ஒன்று கேட்டது. குரலுக்கு அடியில், மிகவும் தாழ்ந்து, ஒரு மேளம். இரண்டு இரண்டாக. டும் டும்... டும் டும்... இத்தனை நாள் இது காதில் விழாமல் போயிற்றே என்று நினைத்துக்கொண்டார்.

சுகமாக இருந்தது. தொட்டிலை ஆட்டுவது போல.

டும் டும்...

தங்கை சொன்னது ஞாபகம் வந்தது. எங்கோ தூரத்தில், யாரிடமோ சொன்னது போல.

டும் டும்...

சாலை வெள்ளையாகிக்கொண்டே வந்தது.

டும்...

போன் அடித்தது.

பாட்டு சட்டென்று அறுந்தது. கண்ணைத் திறந்தார். முன்னால் ஒரு டேங்கர் லாரியின் பின்புறம், கண்ணாடி முழுக்க. பிரேக்கில் ஏறி நின்றார். டயர் கதறியது. வண்டி உதறி, குறுக்கே திரும்பி, சாலை ஓரத்து மண்ணில் இறங்கி நின்றது. எஞ்சின் அணைந்தது.

இன்னும் அடித்துக்கொண்டிருந்த போனைத் தடவி எடுத்தார். செட்டில் குரல் வந்தது.

"மச்சான்! எங்க இருக்கே?"

"யாரு?"

"யாரா? உன் தங்கச்சி புருஷன்! பம்புல என்னை விட்டுட்டுப் போயிட்டியே!"

ரேடியோ இடது சீட்டுக்கு அடியில் குனிந்து பார்த்தார்.

"வயித்த கலக்குச்சுன்னு இறங்கினேன். வந்து பாத்தா வண்டியக் காணோம். என் போனு வண்டிக்குள்ள. மனப்பாடமா தெரிஞ்சது உன் தங்கச்சி நம்பர் ஒண்ணுதான். அவகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டு உன் நம்பர் வாங்கினேன். ஏய்... மச்சான்... இருக்கியா?"

எஞ்சின் இல்லை. பாட்டு இல்லை.

மேளம் மட்டும் நிற்கவில்லை.

டொக் டொக்...

இடுப்புக்கும் கீழே. பலகையில்.

"மச்சான்?"

ரேடியோ திரும்பினார். திரை அசையவில்லை. கையை நீட்டினார். இழுத்தார்.

ஒரு தலையணை. ஒரு போர்வை. மாப்பிள்ளையின் போன், கவிழ்ந்து கிடந்தது.

டொக்... டொக்...

பலகையில் உள்ளங்கையை வைத்தார். மரம் அதிர்ந்தது. கைக்கு நேராக, அந்தப் பக்கத்திலிருந்து.

டொக்...

இன்னும் லேசாக.

ட...

நின்றது.

அவர் கையை எடுக்கவில்லை. எடுக்கப் பயமாக இருந்தது.

மாப்பிள்ளை ஒரு காய்கறி வண்டியில் தொற்றிக்கொண்டு வந்து சேர்ந்தபோது, ரேடியோ வண்டிக்கு வெளியே நிழலில்லாத மண்ணில் உட்கார்ந்திருந்தார். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது.

"ஒரு தட்டு தட்டினியே மாப்ள."

"நான் எங்க தட்டினேன்? நான் கக்கூஸ்ல இருந்தேன்."

"தட்டினே."

"தூக்கக் கலக்கம் மச்சான்."

அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்றுதான் அவரும் நினைத்தார். இரண்டு நாள் தூங்காதவன் காதில் எது வேண்டுமானாலும் விழும். ஆனால் அந்த செட்டைக் கழற்றிவிட வேண்டும் என்று மட்டும் பிடிவாதமாகச் சொன்னார். சரக்கை இறக்கிவிட்டு ஊர் திரும்பியதும், வண்டிகளுக்கு ஒயர் வேலை செய்கிறவரிடம் போனார்கள்.

அவர் செட்டைக் கழற்றி, உள்ளே பழைய ஒயரில் மிச்சமிருந்த டேப்பைப் பார்த்தார். பிறகு வண்டியைச் சுற்றி வந்து ஒரு தடவை பார்த்தார்.

"இந்த டேப்பு நான் சுத்தினது."

"யாரு சுத்தச் சொன்னது?"

"முன்னாடி ஓட்டினவரு. இப்ப பைபாஸ் ரோட்ல பஞ்சர் கடை வெச்சிருக்காரு. வண்டியே ஓட்டறதில்ல."

போனார்கள். நரைத்த தலை. டயரை முழங்காலுக்கு நடுவில் வைத்துக் கழற்றிக்கொண்டிருந்தார். லாரியைப் பார்த்ததும் கை நின்றது. எழுந்து வரவில்லை.

"செட்டு மாட்டிட்டீங்களா?"

அதுதான் முதல் கேள்வி.

மாப்பிள்ளை பேச வாயெடுத்தார். ரேடியோ அவர் கையை அழுத்தினார்.

"நீங்க ஏண்ணே கழட்டினீங்க?"

பஞ்சர் கடைக்காரர் கையைத் துணியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"என் கூட்டாளி இந்த வண்டியிலதான் செத்துப் போனான். பின்னாடி, படுக்கையில. மத்தியானம்."

"விபத்தா?"

"மாரு வலி. எனக்குத் தெரியல. சாப்பிட்டுட்டுப் படுத்தான். போலாமான்னு கேட்டேன். ஒரு தட்டு தட்டினான். கொஞ்ச தூரம் போனதும் ரெண்டு தட்டு. பாட்டை மாத்தினேன். மறுபடி ரெண்டு. மறுபடி மாத்தினேன்." துணியை மடித்தார். "இன்னிக்கு என்னடா இவனுக்கு ராங்கின்னு நெனச்சேன். திட்டக்கூட திட்டினேன்."

மாப்பிள்ளை தரையைப் பார்த்தார்.

"கடைசியா ஒரு பாட்டு போட்டேன். அதுக்கு மேல தட்டல. பிடிச்சுப் போச்சுன்னு அதையே திரும்பத் திரும்பப் போட்டு, ஊர் வந்து சேர்ந்துட்டேன். திரைய விலக்கினா... பலகையில கைய வெச்சபடி கெடக்கான்."

"என்ன பாட்டுண்ணே?"

அவர் பெயர் சொல்லவில்லை. மெல்ல முணுமுணுத்தார். இரண்டு வரி. ரேடியோவுக்கு முதல் வரியே போதுமாயிருந்தது.

"அதுக்கப்புறம் அந்த வண்டியில பாட்டு போட மனசு வரல. ஆனா ஒண்ணு." அவர் முகம் கொஞ்சம் இளகியது. "கடைசியில நிம்மதியாத்தான் போயிருக்கான். பாட்டு கேட்டுக்கிட்டே. தட்டு நின்னு போச்சு பாருங்க. அதை நெனச்சுத்தான் நான் தூங்கறேன்."

ரேடியோ தலையசைத்தார்.

"நல்ல பாட்டு தம்பி அது. அதுக்கு முன்னாடி எத்தனையோ வாட்டி கேட்டிருக்கேன். அன்னிக்குத்தான் கவனிச்சேன். அடியில ஒரு மேளம் வரும். மெதுவா. ரெண்டு ரெண்டா."

மாப்பிள்ளைக்கும் அந்தப் பாட்டு தெரியும். அவர் நிமிர்ந்து ரேடியோவைப் பார்த்தார், வாய் திறந்தது. ரேடியோ வேண்டாம் என்று கண்ணால் சொன்னார்.

இருவரும் வண்டியில் ஏறினார்கள். அன்றைக்குப் படுக்கையில் யாரும் படுக்கவில்லை. முன்னாலேயே பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, பாட்டு இல்லாமல் வீடு வந்து சேர்ந்தார்கள்.

அந்தப் பாட்டில் மேளம் கிடையாது.