ஒப்பிடுவதற்கு எடுத்த தண்ணீர்

நிலத்தடி நீர் ஆராய்ச்சியில் சேர்ந்த புதிதில், நெய்வேலியைச் சுற்றியுள்ள ஊர்களில் தண்ணீர் சேகரிப்பது என் வேலை. போர் குழாயைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, பாட்டிலில் பிடித்து, ஊர்ப் பெயரை ஒட்டுவேன். மற்றவற்றோடு ஒப்பிட நல்ல தண்ணீர் ஒன்றும் வேண்டியிருந்தது. அதை எங்கள் வீட்டிலேயே பிடித்தேன்.

அப்பா சுரங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்தபின் டவுன்ஷிப்புக்கு வெளியே கட்டிய வீடு அது. அவ்வளவு ருசியான தண்ணீர் அந்தத் தெருவிலேயே கிடையாது.

ஆய்வகத்தில் என்னோடு வேலை பார்த்த தோழி ஒருநாள் கேட்டாள்: "லேபிள் எதுவும் மாத்தி ஒட்டிட்டியா? உங்க வீட்டுத் தண்ணியிலதான் ஃபுளோரைடு ரொம்ப அதிகமா காட்டுது."

மாற்றி ஒட்டவில்லை. மறுபடி பிடித்துக்கொண்டு போனேன். அதே முடிவு.

ஃபுளோரைடுக்கு நிறமோ வாடையோ இல்லை. பாறையிலிருந்தே தண்ணீரில் கரைவது. அளவு மீறி வருஷக்கணக்கில் குடித்தால் எலும்பை இறுக்கும். பாடமாகப் படித்ததுதான். ஆனால் அன்று பஸ்ஸில் வரும்போது, மாடிப்படியில் ஒவ்வொரு படிக்கும் முட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அம்மாவின் நினைப்பாகவே இருந்தது.

அம்மா குடிதண்ணீரைச் சுண்டக் காய்ச்சுவார். காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் வற்ற வற்றச் செறிவுதான் கூடும். அதைச் சொன்னதும் அடுப்பை அணைத்தார்.

"அப்போ இத்தனை நாளும் நானேதான் கூட்டிக் கூட்டிக் கொடுத்திருக்கேன்" என்றார்.

பக்கத்து வீட்டுப் பெண் எங்கள் குழாயில்தான் குடம் பிடிப்பாள். அவள் வீட்டுத் தண்ணீர் உப்பு. இடுப்பில் கைக்குழந்தை. அவளிடமும் சொன்னேன்.

"குழந்தைக்குப் பால் பவுடர் கலக்க இதத்தாங்க எடுத்துக்கினு போறேன்" என்றாள். "ஏதாவது பண்ணுமாங்க?"

"இனிமே கேன் தண்ணி வாங்கிக்கோங்க. பால் பல்லு விழுந்து மறு பல்லு மொளைக்கிறப்பதான், கறை பிடிச்சிருக்கான்னு தெரியும்."

குடத்தை அப்படியே வாசலில் கவிழ்த்துவிட்டு, குழந்தையின் வாயைத் துடைத்துக்கொண்டே போனாள்.

எனக்கு வழிகாட்டிய பேராசிரியர் கோடையிலும் ஒருமுறை தண்ணீரைச் சோதித்துப் பார்த்துவிடலாம் என்றார். கோடைக்குள் எங்கள் மோட்டார் தண்ணீருக்குப் பதில் காற்றை இழுத்தது. அப்பா போர் லாரியை வரச்சொன்னார்.

"ஆழமாப் போனா ஃபுளோரைடு இன்னும் கூடலாம்ப்பா" என்றேன்.

"தண்ணியே இல்லாம எப்படிம்மா இருக்கிறது? வித்துட்டுப் போகலாம்னா, வாங்கறவன் மட்டும் குடிக்கலாமா?"

பகல் முழுக்கத் துளை போட்டார்கள். வாசலெல்லாம் சாம்பல் நிறச் சேறு. சாயங்காலம் தண்ணீர் பீறிட்டது. அப்பா கையில் ஏந்திக் குடித்துப் பார்த்து, "முன்னைவிட ருசி" என்றார். நான் பாட்டிலைக் குழாயடியில் பிடித்தேன்.

முடிவு முன்னதைவிட மோசமாக வந்தது. சமையலறையில் சுத்திகரிப்பான் மாட்டினோம். அம்மாவை எலும்பு மருத்துவரிடம் கூட்டிப்போகிறோம். மூட்டு வலிக்குக் காரணம் வயதா தண்ணீரா என்று அவராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. தெருவில் வீடுவீடாகப் போய்ச் சொன்னேன். காது கொடுத்துக் கேட்டார்கள். ஆனாலும் எங்கள் வீட்டில் தண்ணீர் பீறிட்டதை அவர்கள் பார்த்திருந்தார்கள். போர் லாரி இப்போது எதிர் வீட்டு வாசலில் நிற்கிறது.