மஞ்சள் தண்ணீரில் கரைந்த பெயர்

பியானோ என்ற சாமானை நேரில் காண்பதற்கு முன்பே, அதை வாசித்து இறந்துபோன முப்பது நாற்பது பேருடைய பெயர்களை நான் படித்திருந்தேன். படித்தேன் என்று சொல்வதுகூடச் சரியில்லை, எழுத்தெழுத்தாகச் சொன்னேன். அப்போது எனக்குப் பத்து வயது. ஊரில் ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுபோனது. லண்டனுக்கு வந்தபிறகு பள்ளிக்கூடத்தின் கடைசி வாங்கில் வாய் திறக்காமல் இருந்த வருடங்களை நான் படிப்பில் சேர்ப்பதில்லை.

ஈஸ்ட் ஹாமில் ஒரு பழைய வீட்டின் மேல் அறையில் அப்பாவும் அம்மாவும் நானும் இருந்தோம். கீழே முன்னறையில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் தனியாக இருந்தார். ரயிலில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். அவருடைய அறையில் கட்டிலும் ஒரு மேசையும் போக, மிச்ச இடமெல்லாம் இசைத்தட்டுகள். பிளாஸ்டிக் வருவதற்கு முந்திய காலத்து அரக்குத் தட்டுகள். கைதவறினால் கோப்பை மாதிரி உடையும்.

அமெரிக்காவின் தெற்குப் பக்கத்தில், மரம் வெட்டும் முகாம்களிலும் ஆற்றோரச் சாராயக் கடைகளிலும் பியானோ வாசித்துத் திரிந்த கறுப்பின மனிதர்களின் ப்ளூஸ் பாட்டுகள் அவை. அவர்களில் பலர் வாழ்நாளில் ஒரேயொரு நாள், யாரோ ஒரு கம்பெனிக்காரன் கூப்பிட்ட இடத்தில், இரண்டு பாட்டுப் பாடிப் பதிந்துவிட்டுப் போனவர்கள். எங்கே போனார்கள், எப்போது செத்தார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. அதைக் கண்டுபிடிப்பதுதான் கிழவருடைய வேலை. பெயரே கேள்விப்படாத ஊர்களின் தேவாலயங்களுக்குக் கடிதம் எழுதுவார். பதில் வருவது அபூர்வம். வந்து, விவரம் இரண்டு பக்கத்தாலும் உறுதியானால் மட்டும் ஒரு தடித்த கொப்பியில் ஏற்றுவார். உறுதியாகாத எதையும் எழுதமாட்டார். அப்படிக் கொப்பியில் ஏறாத தட்டுகள் ஜன்னலோரப் பலகையில் தனியாக இருந்தன.

அவருக்குக் கண்ணில் புரை. தட்டின் நடுவில் ஒட்டியிருக்கும் வட்டக் காகிதத்திலுள்ள சின்ன எழுத்துகள் அவருக்குத் தெரியாது. அதற்குத்தான் நான். நான் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்ல, அவர் சேர்த்துப் பெயராக்குவார். அவர் பேசுவதில் பாதி எனக்கு விளங்காது. நான் அனேகமாகப் பேசவே மாட்டேன். அதனால் எங்களுக்குள் சண்டை வந்ததில்லை.

ஜன்னலோரத் தட்டுகளில் ஒன்றுக்கு அச்சடித்த காகிதம் கிடையாது. வெறும் வெள்ளைக் காகிதம், அதில் நீல மையால் கையெழுத்தில் ஒரு பெயர் மட்டும். கம்பெனிக்காரன் பரீட்சை பார்ப்பதற்காக அடித்து, விற்பனைக்கு விடாமல் வீசிய தட்டு என்று கிழவர் சொன்னார். குப்பையோடு குப்பையாக ஒரு பெட்டியில் அவருக்குக் கிடைத்திருக்கிறது. ஏன் வீசினார்கள் என்று கேட்டாலே தெரியும். பாட்டு நடுவில் அந்த மனிதனுக்கு இருமல் வந்துவிடுகிறது. இடது கை நிற்காமல் ஓடிக்கொண்டிருக்க, இரண்டு தரம் இருமி, என்னவோ சொல்லிச் சிரித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி பாடுகிறான். அந்தப் பெயரைக் கிழவர் என்னிடம் மூன்று நாலு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பதினொரு எழுத்துகள்.

அந்தக் குளிர்காலத்தில் கிழவர் குளியலறை வாசலில் விழுந்தார். ஒரு பக்கம் இழுத்துவிட்டது. அம்புலன்ஸில் ஏற்றும்போது கழுத்தில் தொங்கிய அறைக்கதவுத் திறப்பை எடுத்து அம்மாவின் கையில் வைத்தார். அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனாலும் விளங்கிக்கொண்டார். தினமும் போய் ஜன்னலைத் திறந்துவிட்டு, கடிதங்களைப் பொறுக்கி வைத்துவிட்டு, ஜன்னலோரப் பலகையிலிருந்த தட்டுகளில் எட்டினவரைக்கும் தூசி துடைத்துவிட்டு வருவார்.

அடுத்த கிழமை, யுத்தம் நடந்துகொண்டிருந்த ஊரிலிருந்து சித்தப்பாவின் சாவுச் செய்தி வந்தது. சந்தைக்குப் போன இடத்தில் ஷெல் விழுந்ததாம். உடலை வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. சித்தப்பா அப்பாவின் தம்பி. அம்மா கலியாணம் முடித்து வந்தபோது அவருக்கு எட்டு வயது. சோறு தீத்தி வளர்த்தது அம்மாதான். அப்பா பெற்றோல் நிலையத்து ஷிப்டுக்குப் போவார், வருவார், சுவரைப் பார்த்துக்கொண்டு படுப்பார். அம்மா கதைப்பதை விட்டுவிட்டார். செத்தவீட்டுத் துடக்கு என்று சாமிப் படத்துக்கு விளக்கும் வைக்கவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு, அப்பாவின் அக்கா, எங்கள் மாமி, விம்பிள்டனிலிருந்து சட்டி பானையோடு வந்தார். கையைக் காலை அலம்ப முந்தியே அம்மாவின் கையிலிருந்த திறப்பைக் கண்டுவிட்டார்.

“உதென்ன திறப்பு?”

“கீழ்வீட்டு மனிசன்ரை. ஒருக்காப் போய் ஜன்னலைத் திறந்துபோட்டு வாறன் மச்சாள்.”

“துடக்கோடயோ? ஒரு மாசமாப் போய் வாறியோ? என்ன பிள்ளை நீ! அந்த மனிசன் கிடக்கிறதோ போறதோ எண்டு ஆஸ்பத்திரியில கிடக்குது. நீ செத்தவீட்டுக் கையோட அந்தாளின்ரை சாமானெல்லாம் தொட்டு வைச்சிருக்கிறாய்.”

“வெள்ளைக்காரருக்குத் துடக்கு என்னெண்டு...”

“துடக்குக்கு வெள்ளை கறுப்புத் தெரியுமே?”

அம்மா பயந்துபோனார். மாமிக்கு அல்ல. தன் கை பட்டு இன்னொருவர் செத்துவிடுவாரோ என்று பயந்தார். மாமி சமையலைப் பார்க்க, அம்மா வீடு முழுக்கக் கழுவத் தொடங்கினார். மேல் அறை, படிக்கட்டு, கிழவருடைய நிலம், மேசை, கட்டில். கடைசியாக, தான் தொட்ட ஜன்னலோரத் தட்டுகள். முப்பது இருக்கும். அவற்றை என்னைக் கொண்டு குளியலறைக்குத் தூக்கிவரச் செய்தார். தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு மஞ்சள் கரைத்திருந்தார். ஒவ்வொன்றாக அமிழ்த்தி, துணியால் துடைத்து, துவாயில் அடுக்கினார்.

மூன்றாவது தட்டில் நடுக் காகிதம் பாலாடைபோலக் கழன்று மிதந்தது. அம்மா அதைப் பெரிதாக எடுக்கவில்லை. எங்கள் வீட்டில் ஜாம் போத்தல் முடிந்தால் ஊறப்போட்டு, ஒட்டியிருக்கும் தாளை உரித்துவிட்டுத்தான் மிளகாய்த்தூள் போடுவது வழக்கம். மிச்சம் ஒட்டியிருந்ததையும் நகத்தால் சுரண்டினார். “இப்பதான் துப்புரவாக் கிடக்குது” என்றார்.

எனக்குத் தெரியும். அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். வாயைத் திறக்கப் போனேன். அப்போது அம்மா கதைக்கத் தொடங்கினார். ஒரு மாதத்துக்குப் பிறகு, யாரும் கேட்காமலே.

“உன்ரை சித்தப்பாவையும் உப்பிடித்தான் குளிப்பாட்டினனான், தண்ணியைக் கண்டா ஓடுவான். கிணத்தடியில நான் ஒரு கையால பிடிச்சுக்கொண்டு மற்றக் கையால வாளியைக் கவிழ்க்க, ‘அண்ணி கொல்லுறா, அண்ணி கொல்லுறா’ எண்டு ஊரைக் கூட்டுவான். சனம் வேலியால எட்டிப் பாக்கும். வெக்கங்கெட்டவன்.”

அம்மா சிரித்தார். மஞ்சள் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னும் இன்னும் சொன்னார். நான் அடுத்த தட்டை எடுத்துக் கொடுத்தேன். அதற்கடுத்ததையும் கொடுத்தேன். நீல மைத் தட்டு கைக்கு வந்தபோது ஒரு கணம் பிடித்து வைத்திருந்தேன் என்றுதான் நினைக்கிறேன். “தாவன்டா” என்றார் அம்மா. கொடுத்தேன். மஞ்சள் தண்ணீரில் சின்னதாக ஒரு நீலப் புகை எழுந்து, பச்சையாகி, பிறகு இல்லாமல் போனது.

இரண்டு கிழமைக்குப் பிறகு கிழவர் ஒரு பொல்லை ஊன்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். வலக்கை தொங்கியது. பேச்சு வந்தது, ஆனால் பெயர்கள் வரவில்லை. தேநீரைக் காட்டி “அது” என்பார், என்னைக் காட்டி “அவன்” என்பார். ஜன்னலோரப் பலகைக்குப் போய்த் தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, நடுவைப் பெருவிரலால் தடவினார். அம்மா வாசலில் நின்றார்.

“துப்புரவா இருக்கோ எண்டு கேளடா.”

நான் கேட்கவில்லை. மேல் வீட்டுக் குழாய் ஒழுகியது, அம்மாதான் எல்லாவற்றையும் துடைத்து வைத்தார் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். கிழவர் ஒரு தட்டை மூக்கருகே கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்தார். பசை இருந்த இடம் முழுக்க மஞ்சளாக இருந்தது. லண்டனில் எந்தக் குழாயிலும் மஞ்சள் தண்ணீர் வராது. அவர் அம்மாவைப் பார்த்து நன்றி சொன்னார். அம்மா சந்தோஷமாகத் தலையாட்டினார். என் பொய் பலித்துவிட்டது என்று நான் நினைத்தேன்.

தட்டின் உள் விளிம்பில் கீறியிருக்கும் எண்ணை நான் பார்த்துச் சொல்ல, அதைக் கொண்டு மற்றவற்றை அவர் என்னை வைத்தே புத்தகங்களில் தேடிப் பிடித்துவிட்டார். அந்த ஒன்றுக்குத்தான் எந்தப் புத்தகத்திலும் எண் இல்லை. அதைச் சுழலவிட்டு, இருமல் வரும் இடத்தில் இடக்கையை உயர்த்தி, என்னைப் பார்த்து, “யார்?” என்றார்.

பதினொரு எழுத்தும் என் நாக்கு நுனியில் நின்றன. ஆனால் சொன்னால், எழுத்து எப்படிப் போனது என்பதையும் சொல்லவேண்டி வரும். அம்மாவைப் பொலிஸ் பிடிக்கும், எங்களை அறையிலிருந்து எழுப்புவார்கள் என்றெல்லாம் ஒரு நொடியில் மனதில் ஓடியது.

“தெரியாது” என்றேன்.

அதற்குப் பிறகு நான் கீழே போவதைக் குறைத்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்தால் வந்தால் சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு படியேறுவேன். பின்னேரங்களில் அவர் அந்தத் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படிக்கட்டின் அடியில் வந்து நிற்பார். ஏறி வர அவருக்கு ஏலாது.

“மனிசன் உன்னைத்தான் கேக்குது. ஒருக்காப் போயேன்” என்பார் அம்மா.

“படிக்கவேணும்” என்பேன்.

வசந்தத்தில் அவர் செத்துப்போனார். யாரோ உறவினர் வந்து எல்லாவற்றையும் ஒரு வான் வண்டியில் ஏற்றிப் போனார்கள். வளர்ந்தபிறகு, பழைய தட்டு விற்கும் இரண்டு மூன்று பேரிடம் கூச்சத்தை விட்டு விசாரித்தேன். பாட்டு நடுவில் இருமுகிற ஒருவன் என்று சொன்னேன். ஒருவரும் கேள்விப்படவில்லை. பெயரைச் சொல்லுங்கள், பார்க்கலாம் என்றார்கள். என்னிடமும் அது இல்லை. எந்த வருடம் மறந்தேன் என்றுகூடத் தெரியவில்லை. இருமலும் சிரிப்பும் அப்படியே காதில் இருக்கின்றன.

அவர் கடைசியாகப் படிக்கட்டடியில் வந்து நின்ற பின்னேரம், நான் எங்கள் அறைக் கதவுக்குப் பின்னால் நின்றேன். குற்றவாளியைப் பிடிக்கத்தான் நிற்கிறார் என்று நினைத்தேன். யாரையும் பிடிக்கும் எண்ணம் அவருக்கு இருக்கவில்லை என்பதோ, அந்தப் பெயர் என்னிடம் தவிர உலகத்தில் அப்போது வேறொரு இடத்திலும் இல்லை என்பதோ எனக்கு விளங்கவில்லை. அவர் போகும்வரைக்கும், பொழுதுபோக்காக, அந்தப் பதினொரு எழுத்தையும் சத்தமில்லாமல் சொல்லிப் பார்த்தேன். ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது.