அந்த ஒண்ணு மட்டும் நின்னுச்சு

இன்னைக்கு ஆஸ்பத்திரியில என் வீட்டுக்காரரோட ரத்தம் நடக்குறதப் பார்த்தேன்.

ஓடுறது இல்லங்க. நடக்குறது.

தெரியாதவங்களுக்குச் சொல்லிர்றேன். இவருக்கு வயித்துல கேன்சர். கீமோவோட இப்ப சூடு வைக்கிற ட்ரீட்மென்ட்டும் குடுக்குறாங்க. கட்டி இருக்குற இடத்தை மட்டும் மெஷின் வச்சு கடுங்காய்ச்சல் அளவுக்குச் சூடாக்குவாங்க.

(சித்திரை வெயில்ல அவனியாபுரம் ரோட்டுல நிப்பாட்டினாலே போதுமேன்னு கேட்டேன். டாக்டரம்மா சிரிக்கல.)

இவர் பைக் மெக்கானிக். இஞ்சின் சூடாகக் கூடாதுன்னே வாழ்ந்த மனுஷன், மானிட்டர்ல டிகிரி ஏற ஏற என் கையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டார்.

முடிஞ்சதும் மைக்ராஸ்கோப்ல எடுத்த ஒரு வீடியோ காமிச்சாங்க. ஆராய்ச்சிக்குன்னு எங்ககிட்ட முன்னாடியே சம்மதம் வாங்கி, இவர் ரத்தத்துல இருந்து நோய் எதிர்ப்பு செல்லையும் கட்டியில இருந்து கேன்சர் செல்லையும் எடுத்து ஒரே தட்டுல விட்டிருந்தாங்க.

முதல்ல சூடு இல்லாம. எதிர்ப்பு செல்லுங்க எல்லாம் பொடிசு. கேன்சர் செல் பக்கத்துல வருது, உரசுது, கண்டுக்காம போயிருது. சொந்த உடம்புல முளைச்சதுனால அதுகளுக்கு வித்தியாசம் தெரியலையாம்.

அப்புறம் சூடாக்கினது.

அப்பவும் நிறைய தாண்டித்தான் போச்சு.

ஒண்ணு மட்டும் நின்னுச்சு. திரும்புச்சு.

மெதுவா வந்து கேன்சர் செல் மேல ஒட்டிக்கிச்சு. கொஞ்ச நேரத்துல அந்தப் பெருசு கொப்புளம் கொப்புளமா ஆகி, அசையாம போச்சு. சத்தமே இல்ல. எனக்கு ஏசி ரூம்ல வேர்த்துருச்சு.

சூடு பட்டா கேன்சர் செல் தன்னைக் காட்டிக் குடுத்துருமாம், எதிர்ப்பு செல்லுக்கும் வேகம் வருமாம். ஆனா தட்டுல நடந்தது உடம்புக்குள்ளயும் நடக்கும்னு சொல்ல முடியாது, அடுத்த ஸ்கேன்லதான் தெரியும்னாங்க.

இவர் திரையையே பார்த்துக்கிட்டு இருந்தார்.

"டாக்டர், இதுல செத்தது நானா, கொன்னது நானா?"

டாக்டரம்மா, "ரெண்டும் நீங்கதான்" அப்டின்னாங்க.

மத்தியானம் வீட்டுக்கு வந்தோம். சமயநல்லூர்ல இருந்து இவர் அக்கா, சூட்டைத் தணிக்கும்னு நுங்கு வாங்கிட்டு வந்திருந்தாங்க. இவர் தொடவே இல்ல. படுத்து, வயித்து மேல கையை வச்சுக்கிட்டு, "ஏ புள்ள, அந்த ஃபேனை அமத்து"ன்னார்.

"என்னங்க, இம்புட்டு வேர்க்குதே?"

"மெதுவாப் பேசு. உள்ள ஒண்ணு இப்பத்தான் திரும்பியிருக்கும். குளுந்துச்சுன்னா தாண்டிப் போயிரும்."

ரூம் சூட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லன்னு எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

அமத்திட்டேன். பயமா இருக்கு.

ஸ்கேன் வரைக்கும் எங்க வீட்டுக்கு வர்றவங்க ஃபேன் போடச் சொல்லாதீங்க.

கதவையும் மெதுவாத் தட்டுங்க.