மேற்கோள் இல்லாத ஒரு வரி

இணையக் கலைக்களஞ்சியத்தில் எங்கள் ஊருக்கென்று ஒரு பக்கம் தொடங்கியவன் நான். உத்திரமேரூர் போகிற பஸ்ஸில் உட்கார சீட்டு கிடைத்த நாளெல்லாம் செல்போனில் தட்டித் தட்டி எழுதியது. ஏரி, கோயில், தேர்த் திருவிழா எல்லாம் இருக்கும். தேர் எந்தத் தெருவுக்குப் போகாது என்பதை மட்டும் எழுதவில்லை. ஏன் என்று நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

போன வருஷம் அந்த வரி வந்தது. 'தேர் காலனித் தெருவுக்குள் செல்வதில்லை.' பள்ளியில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்த காலனி நண்பன் சேர்த்தது. அவனே போன் செய்து சொன்னான். ஊரில் சொன்னால் சண்டையாகும், அங்கேயாவது கிடக்கட்டும் என்றான். உண்மைதான். தேர் அந்த முனையில் திரும்புவதை வருஷா வருஷம் வடம் பிடித்துக்கொண்டே பார்த்தவன் நான்.

மறுவாரம் பெரியப்பா கூப்பிட்டனுப்பினார். கோயில் தர்மகர்த்தா அவர். யாரோ காட்டிக் கொடுத்திருக்கிறார்கள். வரியை எடுத்துவிடச் சொன்னார். சொந்தக்காரர் சம்பந்தப்பட்ட விஷயத்தில் கை வைக்கக் கூடாது, அங்கே அதுதான் விதி என்றேன். நம் கோயிலைப் பற்றி நாம் எழுதாமல் யார் எழுதுவது என்று கேட்டார்.

என் நேர்மை மேல் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. திருத்துகிறவர்கள் பேசிக்கொள்கிற உரையாடல் பக்கத்தில் பகிரங்கமாக எழுதினேன்: தர்மகர்த்தா என் பெரியப்பா, இந்த வரியை நீக்கச் சொல்கிறார், நான் தொடமாட்டேன், வேறு யாராவது முடிவு செய்யுங்கள்.

அதுவரை அந்த வரியை ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. நான் கை காட்டியதால் முன்பின் தெரியாத ஒருவர் வந்தார். பத்திரிகையோ புத்தகமோ மேற்கோளாக இல்லை என்று நீக்கிவிட்டுப் போனார். விதிப்படி சரி. எங்கள் ஊர்த் தேரைப் பற்றி எந்தப் பத்திரிகை எழுதியது? என் கண் மேற்கோள் ஆகாது. திரும்பச் சேர்க்கலாமென்றால், தொடமாட்டேன் என்று நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். வேறொருவரைத் தூண்டிவிடுவதும் தப்பு. ஆத்திரத்தில் அழுகைதான் வந்தது.

பெரியப்பா வழியில் பார்த்துத் தோளைத் தட்டினார். "சொன்னதக் கேட்டு எட்த்துட்ட, அது போதும் நைனா," என்றார். நான் எடுக்கவில்லை என்றேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

நண்பனை உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். அவனிடமும் நான் எடுக்கவில்லை என்றேன். விதியை ஆரம்பத்திலிருந்து விளக்கினேன். கடைசிவரை கேட்டான்.

"தேர் ஏன் எங்க தெருவுக்கு வரலன்னு எங்கப்பா கேட்டப்ப, உங்க பெரியப்பாவும் இப்டிதான் ஒரு ரூல் சொன்னாரு," என்றான்.

என்ன ரூல் என்று கேட்காமலே என் பஸ்ஸில் ஏறிக்கொண்டேன்.