வேளை தவறி இறங்கிய விமானம்

ஹோட்டல் கண்ணுக்கு மறைந்துவிட்டது. கிஷ் தீவின் மேற்குக் கரையை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். சில வருடங்களுக்கு முன், ஒரு ஜூன் மாத முற்பகல். துபாயில் விசா முடிந்தவர்கள், புது விசா வரும்வரை போய்க் காத்திருக்கும் ஈரான் தீவு அது.

எங்களைப் போன்றவர்களுக்கு அந்தத் தீவில் விமான நிலையமும் ஹோட்டலும் மட்டும்தான் உண்டு. காலையில் ஒரு முறையும் மாலையில் ஒரு முறையும் ஏஜென்சிக்காரர் ஹோட்டல் முன்கூடத்தில் வந்து நின்று, விசா வந்தவர்களின் பெயரை வாசிப்பார். பெயர் வந்தால் அடுத்த விமானத்தில் இடம். வாசிக்கும்போது ஆள் இல்லாவிட்டால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும். அதனால் யாரும் வாசலைத் தாண்டுவதில்லை. பிலிப்பைன்ஸ் பெண்கள் தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு மாடிப்படியிலேயே உட்கார்ந்திருப்பார்கள். பக்கத்து அறை பாகிஸ்தானி, பெயர் காதில் விழவேண்டும் என்று குளியலறைக் கதவைத் திறந்து வைத்தே குளிப்பார்.

நான் தீவில் தங்குவதற்கான அனுமதி அன்றோடு முடிந்தது. இரவுக்குள் கிளம்பாவிட்டால் ஊருக்கு ஏற்றி அனுப்பிவிடுவார்கள். நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். ராஸ் அல் கைமாவில் கல் குவாரி, அல் கூஸில் கிடங்கு, இடையில் கட்டட வேலை என்று எங்கும் நிலைக்காதவன். ஊரில் எனக்காக இருந்த ஒரே வேலை அண்ணனின் லாரியில் கிளீனர் வேலை. அதை அவர் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்லிவிட்டு விமானம் ஏறியவன். இப்போது திரும்பினால், மறுபடி ஒரு விசா எடுத்துத் தர எனக்கு யாரும் இல்லை.

அன்று காலை வாசிப்பில் என் பெயர் இல்லை. மாலை வாசிப்பு ஒன்றுதான் மிச்சம். அதுவரை உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது.

ஹோட்டல் சுவரில் ஒரு சுற்றுலாப் படம் ஒட்டியிருந்தது. தீவில் பார்க்க வேண்டிய இடங்கள்: ஒரு பழைய ஆலமரம், பூமிக்கு அடியில் வெட்டிய கால்வாய், இடிந்துபோன ஒரு பழைய நகரம், கரையில் தட்டி நின்றுபோன கிரேக்கக் கப்பல். வந்த நாள் முதல் அந்தக் கப்பலைப் பார்க்க வேண்டும் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஊருக்குத்தான் போகப்போகிறோம், அதையாவது பார்த்துவிட்டுப் போவோம் என்று கிளம்பினேன்.

என் அறைவாசி, திருநெல்வேலிப் பக்கத்துப் புரோட்டா மாஸ்டர். எல்லோருக்கும் அவர் மாஸ்டர்தான். தீவுக்கு வந்து நாலைந்து நாள் ஆகியிருந்தது. அறை, முன்கூடம் தவிர வேறெங்கும் அவர் கால் வைத்ததில்லை. "ஆலமரத்தப் பாக்கவா பிளேன் ஏறி வந்தோம்? ஒழுங்கா இங்ஙனக்குள்ளயே கெடல" என்றார். நான் கேட்கவில்லை.

நினைத்ததைவிட வெகுதூரம். நண்பகல் ஆகிவிட்டது. கப்பல் நன்றாகத்தான் இருந்தது. முழுக்கத் துருப்பிடித்து, சாயாமல், எங்கோ புறப்படப்போவது போல நின்றது. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது தலைக்கு மேல் சத்தம். ஒரு சின்ன விமானம் தாழப் பறந்து தீவுக்குள் இறங்கியது.

துபாய் விமானம் காலையிலும் மாலையிலும்தான் வரும். நண்பகலில் வருகிறது என்றால் கூடுதலாக ஒன்று விட்டிருக்கிறார்கள். கூடுதல் விமானம் என்றால் கூடுதலாக ஒரு வாசிப்பு. என் பெயரை வாசித்திருந்தால்?

ஓட ஆரம்பித்தேன். கரையோரச் சாலையில் ஒரு நிழல் இல்லை, ஒரு வண்டி இல்லை. விமான நிலையம் குறுக்கே போனால் பக்கம். ஆனால் என் பாஸ்போர்ட் ஹோட்டலில், ஏஜென்சியின் கவுண்டரில் இருந்தது. அது இல்லாமல் அங்கே போய் என்ன செய்வது? ஹோட்டலைப் பார்த்தே ஓடினேன். ஒரு செருப்பு வார் அறுந்தது. இரண்டையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். தார் பாதத்தைச் சுட்டது. ஓரமாக மணலில் ஓடினால் கால் புதைந்தது. அந்த விமானம் எவ்வளவு நேரம் நிற்கும் என்பது மட்டும்தான் மனதில் ஓடியது.

எதிரே ஹோட்டல் வேன் வந்தது. அது நிற்பதற்குள் கதவு திறந்தது. மடியில் என் பையை வைத்துக்கொண்டு மாஸ்டர் உட்கார்ந்திருந்தார். கொடியில் காயப்போட்ட என் ஈரச் சட்டைகூடப் பைக்கு வெளியே தொங்கியது.

"ஒம் பேர வாசிச்சாச்சு. எம் பேரும்தான். ஏறு மொதல்ல" என்றார்.

பாஸ்போர்ட் இரண்டும் விமான நிலையத்துக்குப் போய்விட்டனவாம். என் பெயரை வாசித்தபோது மாஸ்டரே கை தூக்கி, "இருக்கான், கக்கூசுல இருக்கான்" என்று சொல்லியிருக்கிறார். பிறகு வேன்காரரைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். வேன்காரருக்குத் தமிழும் தெரியாது, இந்தியும் தெரியாது. சுவரில் இருந்த படத்தைத் தொட்டுக் காட்டியிருக்கிறார் மாஸ்டர். மாஸ்டர் எந்த இடத்தைத் தொட்டாரோ, வேன்காரர் எப்படிப் புரிந்துகொண்டாரோ, வரிசையாக எல்லா இடத்துக்கும் கொண்டுபோயிருக்கிறார்.

"மரத்தப் பாத்தேன், கால்வாயப் பாத்தேன், இடிஞ்ச ஊரப் பாத்தேன். தீவு முழுக்க நாந்தாம்ல சுத்திப் பாத்திருக்கேன்" என்றார். சிரிக்கவில்லை. கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விமான நிலையத்தில் ஏஜென்சிக்காரர் வாசலிலேயே நின்றார். எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று இந்தியில் கத்தினார். ஓர் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்தாகிவிட்டது, மிச்சம் ஒன்றுதான், மாலை விமானத்திலும் இடமில்லை, யார் என்று நீங்களே முடிவு செய்யுங்கள் என்றார். கையில் இரண்டு பாஸ்போர்ட்டையும் விரித்துப் பிடித்திருந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விமானத்தின் படிக்கட்டில் கடைசி ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

நீங்கள் போங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். அன்று தவறினால் எனக்கு மறு நாள் கிடையாது. என் பாஸ்போர்ட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மாஸ்டர் என் பாஸ்போர்ட்டை உருவி என் நெஞ்சில் வைத்து அழுத்தினார்.

"ஏறுல. எனக்கு இன்னும் நாளு கெடக்கு."

நான் அசையவில்லை. அவரே முதுகில் கைவைத்துத் தள்ளினார். "நாளைக்கு ரோலா பஜார்ல எங்க புதுக் கடையத் தொறக்காவ. காலைல கல்லுல நான் நிக்கலன்னா மொதலாளி வேற ஆளப் போட்டுருவாரு. நீ போயி அவருட்டச் சொல்லு, அடுத்த பிளேன்ல வந்துருவேன்னு. அது போதும்."

வெறுங்காலோடு படியேறினேன். திரும்பிப் பார்க்கும்போது கதவை மூடிவிட்டார்கள்.

மறுநாள் விடிந்ததும் ரோலாவில் அந்தக் கடையைத் தேடிப் பிடித்தேன். வாசலில் மாலை தொங்கியது. முதலாளி கீழக்கரைக்காரர். நான் சொன்னதை முழுதாகக் கேட்டார். பிறகு அமைதியாக, "அவர் அடுத்த பிளேன்ல வருவாரு. இன்னிக்கு வர்ற சனத்துக்கு யாரு புரோட்டா போடுறது, நானா? வேற மாஸ்டருக்குப் போன் போட்டாச்சு தம்பி" என்றார்.

புரோட்டாவை இன்றைக்குத் தெரிந்த கடையில் வாங்கிச் சமாளியுங்கள், மற்ற எல்லா வேலையும் நான் பார்க்கிறேன், மாஸ்டர் வரும்வரை அந்த ஆளை மட்டும் எடுக்காதீர்கள் என்று கேட்டேன். கேட்டேன் என்பதைவிட, வாசலை மறித்துக்கொண்டு நின்றேன் என்று சொல்லவேண்டும்.

அவர் என் வெறும் பாதங்களைப் பார்த்தார். "மாவு பெசைஞ்சிருக்கியா?"

"சிமெண்டு பெசைஞ்சிருக்கேன் மொதலாளி."

உள்ளே கையைக் காட்டினார். ஒரு மூட்டை மைதாவைப் பிரித்துக் கொட்டினேன்.

அதற்குப் பிறகும் எத்தனையோ வேலைகளை, சம்பள நாள் வரைகூடப் பொறுக்காமல் விட்டுவிட்டு நடந்திருக்கிறேன். ஆனால் மாஸ்டர் பையோடு அந்த வாசலில் வந்து நின்ற மத்தியானம் வரை நான் விட்டு நகராமல் செய்த அந்த வேலையைத்தான், வாழ்க்கையில் முழுதாகச் செய்த வேலை என்று இன்றும் சொல்லிக்கொள்கிறேன்.